மூணு நாளும் ஒரே கணக்கு

அஞ்சம்மா, நல்லா இருக்கியா? விழுப்புரத்துல வாங்கின முட்டிவலி மாத்திரைய விடாம போடறியா? இங்க திண்டிவனம் காலேஜில என் வாட்ச்மேன் வேலை நல்லபடியா போய்க்கினு இருக்குது. கேன்டீன் மணிமாறன் எழுத, நான் சொல்லிக்கினு வர்றேன்.

பயப்படாத, சின்ன சங்கதிதான். கணக்கு வாத்தியார் சுமதிகுமாரோட வகுப்பு வாசல்லதான் எனக்கு நாற்காலி. புரியாத புள்ளைங்களுக்காக ஒரே கணக்கை மூணு நாள் போடுவாரு. கெட்டிக்காரப் புள்ளைங்க சில பேரு, "போரடிக்குது"ன்னு பிரின்சிபாலாண்ட சொல்லிட்டாங்க. அவரு என்னைக் கூப்பிட்டு விசாரிச்சாரு. எனக்குத்தான் காதுல விழுந்தது எதுவும் மறக்காதாச்சே! "ஆமாங்க, திங்கக்கிழமை போட்டதையே புதன்கிழமையும் போட்டாருங்க, அலுக்காத மனுசன்"னு பெருமையா ஒப்பிச்சேன். "அப்போ பாடம் நகரலைன்றது நெசந்தான்"னுட்டு, வாத்தியாரை அந்த வகுப்புலேருந்து எடுத்துட்டாரு.

புது வாத்தியார் ஜல்தியா முடிச்சிடறாரு. வல்லத்துப் பொண்ணு கலைப்பிரியா, "பழைய சார் சொன்னாத்தான் எனக்குப் புரியும். ஏன் தாத்தா வாயத் தொறந்தீங்க?"ன்னு கேட்டுது. அவராண்ட படிச்சுத்தான் மொதல் தடவையா கணக்குல பாஸான பொண்ணு. அதுலேருந்து எனக்குச் சோறு எறங்கல.

யாராவது இந்தப் பக்கம் வந்தா வறுத்த மல்லாட்டை குடுத்தனுப்பு. சாயங்காலத்துல பேச்சுத்துணைக்கு ஆளில்ல, தோலு ஒடச்சுக் கொறிக்கவாவது ஆவும்.

வெள்ளிக்கிழமை கலைப்பிரியா மாதிரி புள்ளைங்களைக் கூட்டிக்கினு பிரின்சிபாலாண்ட போறேன். நான் சொன்னது புகார் இல்லீங்கன்னு சொல்லணும். "உனக்கேன்யா இந்த வேலை?"ன்னு வேலைய விட்டே அனுப்பிட்டாலும் அனுப்பிடுவாரு. பெல் அடிக்க நேரமாச்சு, எழுந்துட்டேன். வெள்ளிக்கிழமை ராத்திரி உலையில எனக்கும் ஒரு புடி அரிசி சேத்துப் போடு.

தணிகாசலம்