ஆளுக்கு மூன்று மங்கு

1931 மாசி, ஞாயிறு இரவு. தெப்ராவ் ரப்பர்த் தோட்டம்.

இன்று மாலை தோட்டத்துக் கள்ளுக்கடையில், பால்மரம் வெட்டும் வீரனும் அவன் பெண்சாதி அஞ்சலையும் எனக்கு எதிரே உட்கார்ந்து குடித்தார்கள். ஒரே பானைக் கள், ஒரே அளவுக் கிண்ணத்தில் ஆளுக்கு மூன்று மங்கு. என் கண்ணாலேயே பார்த்தேன். அவன் திடமாக எழுந்து நடந்தான். அவள் வாசலிலேயே விழுந்துவிட்டாள். நான் டிரஸராக மருந்து கொடுக்கும் தோட்டத்து ஆஸ்பத்திரிக்குத் தூக்கிவந்து கிடத்தினோம்.

"முன்னாடியே எவன்கூடவோ குடிச்சிட்டுத்தான் வந்திருக்கா" என்கிறான் வீரன். காலையில் மாரியம்மன் கோயிலில், எரிகிற சூடத்தை அவள் உள்ளங்கையால் அணைத்துச் சத்தியம் செய்யவேண்டுமாம். இல்லையென்றால் வீட்டில் சேர்க்கமாட்டானாம்.

"ரெண்டு பேரும் ஒரே அளவுதான்பா குடிச்சீங்க" என்றேன்.

"அப்ப அவ மட்டும் ஏன் விழுந்தா, டிரஸரய்யா?"

மெலிந்தவள் என்றாலாவது ஏதாவது சொல்லியிருப்பேன். அவளோ அவனைவிடக் கனத்தவள். பெரிய உடம்புக்குப் பெரிய அளவு என்றுதான் இத்தனை வருடமும் மருந்து ஊற்றிக் கொடுக்கிறேன். அந்தக் கணக்குப்படி அவனல்லவா விழுந்திருக்க வேண்டும்? அவன் உடம்பு முழுக்க இறுகிய தசை, அவளுக்குக் கொழுப்பு. அந்த வித்தியாசம் கள்ளுக்குத் தெரியுமா? இல்லை, பெண் உடம்பே வேறு மாதிரியா? ஒன்றும் விளங்கவில்லை.

சற்றுமுன் கண் விழித்தாள். "நான் ஒளிச்சுக் குடிக்கலைங்கய்யா."

"தெரியும்மா."

"அப்ப அவருகிட்ட சொல்லுங்களேன்."

என்னவென்று சொல்வது? தீக்காயத்துக்குப் போடும் களிம்பை மட்டும் எடுத்து மேசைமேல் வைத்திருக்கிறேன்.