இரவல் கதிரைகளும் ஒரு பலஸ்தீனக் கேள்வியும்

ஜனவரி 5, திங்கள்

காலையில் பனி. மானிப்பாய் வீதி கண்ணுக்குத் தெரியவில்லை. சைக்கிளில் அலுவலகம் வந்து சேர, சேலைக் கரை முழுக்க ஈரம்.

எம்.பி.யின் அலுவலகத்தில் இன்றைய வேலை: புதுக் கலண்டர் மாட்ட. பிரிண்டருக்கு மை. பாராளுமன்றக் கேள்விகளின் தமிழ்ப் பிரதி சரிபார்க்க.

எம்.பி. பெயரில் இரண்டு கேள்விகள் இருக்கின்றன. ஒன்று நான் எழுதியது: ஏழைக் குடும்பங்களுக்கான நலன்புரிக் கொடுப்பனவுக்காக வீடு பார்க்க வரும் அதிகாரிகள், அங்கே காணும் பொருட்கள் அந்த வீட்டாருடையவைதானா என்று விசாரிக்கிறார்களா? இன்றேல், ஏன்? மற்றது புதிதாக வேலைக்கு வந்த நிரோஜா எழுதியது: பலஸ்தீன மக்களின் உரிமைகள் பற்றி அரசின் நிலைப்பாடு என்ன, காயப்பட்ட பிள்ளைகளுக்கு இங்கிருந்து ஏதேனும் உதவி போனதா? இன்றேல், ஏன்?

வெள்ளிக்கிழமை ஒன்றுதான் கேட்கலாம். மற்றது அடுத்த அமர்வுக்கு.

நிரோஜாவின் தாளைத் தூக்கிப் பிடித்து, "உலகத் தரம், பிள்ளை" என்றார் எம்.பி. என்னுடையதைப் பார்த்து, "உதுவும் இருக்கட்டும்."

பத்து வருடத்துக்கு மேலாக இந்த மனுசனுக்குக் கேள்வி எழுதுகிறேன். தரம் என்று ஒரு சொல் வந்ததில்லை. அவள் வந்து ஒரு மாரி முழுதாக முடியவில்லை.

ஜனவரி 6, செவ்வாய்

வெயில் வந்தது. பிரிண்டர் மை இன்னும் வரவில்லை.

நிரோஜா: வயது இருபத்தாறு. யாழ்ப்பாணம் திருநெல்வேலியில் அறை எடுத்து இருக்கிறாள். பல்கலைக்கழக வளாகத்தில் அரசறிவியல், முதல் வகுப்பில் தேறியவள். ஊர் வன்னிப் பக்கம், அதற்கு மேல் நான் கேட்டதில்லை. இடுப்பைத் தாண்டிய பின்னல். தடங்கலில்லாத ஆங்கிலம். சாப்பாட்டுப் பெட்டியில் எனக்கென்று ஒரு அவித்த முட்டை கூடுதலாகக் கொண்டுவருவாள். வாங்கிச் சாப்பிடுகிறேன். எரிச்சல் வேறு, முட்டை வேறு.

மத்தியானம் பவானி மச்சாளின் போன். இவருடைய, என் புருசனுடைய, தங்கச்சி. புத்தூரில் இருக்கிறா. புருசன் செத்துப்போய், இரண்டு பெட்டைப் பிள்ளைகளோடு, வெங்காயத் தோட்டத்தில் கூலி வேலை.

"மச்சாள், வெள்ளிக்கிழமை கட்டாயம் கேப்பினம்தானே? கடன் தாற கடைக்காரருக்கும் சொல்லிப்போட்டன்."

ஓம், ஓம் என்றுவிட்டேன். வேறென்ன சொல்ல?

மச்சாளின் கொடுப்பனவு வெட்டுப்பட்ட கதையை நினைத்தால் சிரிப்பும் வருகிறது, ஆத்திரமும் வருகிறது. வீடு பார்க்க ஆபிசர்மார் வருகினம் என்றதும் மச்சாள் பக்கத்து வீட்டுக்கு ஓடியிருக்கிறா. வந்தவர்கள் இருக்கக் கதிரைகள் இரவல். நிற்கிற ஃபான் இரவல். குளிர்ந்த சோடா அவர்களின் ஃபிரிட்ஜில் இருந்து. மூத்தவளின் கழுத்துக்கு ஒரு சங்கிலி, அதுவும் இரவல். வீட்டுக்கு ஆள் வந்தால் எங்கள் சனம் அப்படித்தான், நானும் அப்படித்தான். வந்தவர்கள் கதிரையில் இருந்து, ஃபான் காற்று வாங்கி, சோடாவைக் குடித்துவிட்டு, கண்டதெல்லாவற்றையும் பதிந்துகொண்டு போனார்கள். பிறகு, வசதியான வீடாம் என்று காசு நின்றுவிட்டது. மூத்தவள் ஏ.எல். சோதனை எடுக்க வேண்டியவள். ரியூசன் நின்றுபோய் இப்போது தாயோடு வெங்காயம் பிடுங்கப் போகிறாள்.

இதைவிடப் பெரிய கேள்வி என்ன இருக்கிறது?

ஜனவரி 7, புதன்

இரவுச் சாப்பாட்டு நேரம் டிவியில் காசா. இடிந்த வீடு, தகப்பனின் தோளில் ஒரு பிள்ளை. இவர் தட்டைத் தள்ளிவைத்துவிட்டு எழும்பிப் போனார்.

இதை எழுத வெட்கம். யாரும் பார்க்கப்போவதில்லை, எழுதுகிறேன். எனக்குப் பொறாமை. அந்தச் சனத்தின் மேல் பொறாமை. ஊர் ஊராக ஊர்வலம் போகிறார்கள், நாடு நாடாகக் கேட்கிறார்கள். இரண்டாயிரத்து ஒன்பதாம் ஆண்டில் வன்னியில் எங்கள் சனம் செத்தபோது ஆர் கேட்டது? நான் இங்கே மானிப்பாயில் ரேடியோவைக் காதோடு வைத்துக்கொண்டு இருந்தேன். ஒருத்தரும் கேட்கவில்லை. இப்போது எங்கள் எம்.பி.கூட அவர்களுக்குத்தான் முதலில் கேட்க இருந்தார்.

எவ்வளவு கேவலமான மனம். இருந்தும் அழிக்கமாட்டேன்.

காலையில் செய்த வேலையையும் எழுத வேண்டும். எம்.பி. கொழும்புக்கு வெளிக்கிடும்போது காருக்குப் பின்னால் போய்ச் சொன்னேன்: "சேர், காசாவைக் கேட்டால் கொழும்பிலை கைதட்டுவினம். இஞ்சை வோட்டுப் போட்டது புத்தூர்ச் சனம்."

யோசித்தார். "உதிலையும் ஞாயம் இருக்கு. சரி, உம்மடை கேள்வியே போகட்டும்."

நிரோஜா ஜன்னலோடு நின்றாள். கேட்டதோ தெரியாது.

ஜனவரி 9, வெள்ளி

கேட்டாயிற்று. அலுவலகத்தில் நேரடி ஒளிபரப்பு பார்த்தோம். எம்.பி. என் கேள்வியைப் பிழையில்லாமல் வாசித்தார். அமைச்சர் எழும்பி, விடைக்கு இரண்டு வாரம் அவகாசம் வேண்டும் என்றுவிட்டுத் திரும்பக் கதிரையில் இருந்துவிட்டார்.

அவ்வளவுதான். நாசமாய்ப் போக.

"அக்கா, அவகாசம் கேட்டவையெண்டால் தேடிப் பாக்கினம் எண்டுதானே அர்த்தம்" என்றாள் நிரோஜா. கோபம் ஒரு துளியும் இல்லை. கோபித்திருந்தால் எனக்குச் சுகமாக இருந்திருக்கும். இன்றைக்கு முட்டையைச் சாப்பிடவில்லை. வயிறு சரியில்லை என்று பொய்.

ஜனவரி 11, ஞாயிறு

பருத்தித்துறை பஸ்ஸில் புத்தூர். மச்சாளிடம் விவரம் சொல்ல. நிரோஜாவும் வந்தாள், நான் கூப்பிடவில்லை. "அந்த வீட்டை ஒருக்காப் பாக்கவேணும் அக்கா, விடை வந்தால் மேலதிகக் கேள்வி எழுத உதவும்."

போய் இறங்கினால், முற்றத்தில் நாலு கதிரை. அதே இரவல் கதிரைகள். ஃபான் வேறு சுழல்கிறது.

"மச்சாள், என்ன கூத்து இது?"

"புதுப்பிள்ளை ஒண்டு வருகுது எண்டீர். வெறும் நிலத்திலையே இருத்துறது?"

நான் கதிரையில் இருந்தேன். நிரோஜா சின்னவளின் பாயில் போய்ச் சம்மணம் கட்டி இருந்துவிட்டாள். சோடாவும் வேண்டாமாம், தண்ணீர் போதுமாம். மச்சாளின் முகத்தில் ஒரு வெளிச்சம். என்னைக் கண்டு அப்படி ஒருநாளும் அந்த முகம் மலர்ந்ததில்லை.

சுகம் விசாரித்து முடிந்து, கேள்விகளின் கதை வந்தது. அடுத்ததாக நிரோஜாவின் பலஸ்தீனக் கேள்வி போகும் என்றேன். முதலில் போக இருந்தது அதுதான், நான்தான் மாற்றுவித்தேன் என்றும் சொன்னேன், பெருமைக்கு. மச்சாள் மகிழ்ந்துபோவா என்று நினைத்தேன்.

"ஐயோ, ஏன் மச்சாள்? அந்தப் பிள்ளையளை நான் டிவியிலை பாக்கேலாமல் எழும்பிப் போறனான். எங்கடை காசு ரெண்டு கிழமை பிந்தினால் சாகவே போறம்?"

நிரோஜாவின் முகத்தை நான் பார்க்கவில்லை. பாயின் நுனியைப் பிய்த்துக்கொண்டிருந்தாள். நான் வாயை வைத்துக்கொண்டு சும்மா இருந்திருக்கலாம். விடவில்லை. "எங்களுக்கு அப்ப ஆர் கேட்டவை?" என்றேன்.

"கேட்டவை அக்கா" என்றாள் நிரோஜா.

வன்னியில் பங்கர்க் குழிக்குள் இருந்திருக்கிறாள், பத்து வயதில். ஒருநாள் தகப்பன் ரேடியோவைத் திருகிக்கொண்டிருந்துவிட்டு, ஏதோ ஒரு நாட்டுப் பாராளுமன்றத்தில் எங்களைப் பற்றி ஆரோ கேட்டிருக்கினம் என்றாராம். எந்த நாடு, கேட்டது ஆர், ஒன்றும் தெரியாது.

"அதாலை ஒண்டும் நடக்கேல்லை. ஷெல் நிக்கேல்லை. ஆனா அண்டைக்கு அம்மா எனக்குத் தலை இழுத்துப் பின்னிவிட்டவ. எத்தினையோ நாளா என்ரை தலையை ஒருத்தரும் தொடேல்லை. அம்மா பின்னினது அதுதான் கடைசி."

மச்சாள் எழும்பிப் போய் அவளுக்குப் பக்கத்தில், பாயில் இருந்தா. முதுகைத் தடவிக்கொண்டே இருந்தா. கதிரையில் நான் மட்டும், ஃபானுக்கு நேரே.

அப்போதும் பொறாமைதான் வந்தது. எழுதி வைக்கிறேன். பஸ்ஸில் வரும்போதுதான் அழுகை வந்தது.

ஜனவரி 15, வியாழன்

பொங்கல். பால் கிழக்குப் பக்கம் பொங்கியது. இவருக்குச் சந்தோசம். வாழையிலை வாங்க மறந்து பக்கத்து முருகேசு வீட்டில் கேட்டேன்.

நிரோஜா தனியே அறையில் என்று ஞாபகம் வந்து, பொங்கல் கட்டிக்கொண்டு திருநெல்வேலிக்குப் போனேன். மன்னிப்புக் கேட்கத்தான் போனேன். "சர்க்கரை கொஞ்சம் கூடிப்போச்சு" என்று மட்டும் சொல்லிவிட்டு வந்தேன்.

ஜனவரி 20, செவ்வாய்

நிரோஜாவின் கேள்வியை நானே தமிழில் சரிபார்த்தேன். ஒரு பிழை இல்லை, எரிச்சல். கீழே ஒரு மேலதிகக் கேள்வி எழுதிச் சேர்த்தேன்: இந்தச் சபையில் இது கேட்கப்பட்டது என்பதை அந்த மக்களுக்கு அறியத்தர அமைச்சர் வழிசெய்வாரா? இன்றேல், ஏன்?

அவள் வாசித்தாள். நெடுநேரம் தாளைத் தரவில்லை. பிறகு, "அக்கா, தேத்தண்ணி போடட்டே?" என்றாள்.

ஜனவரி 23, வெள்ளி

மேகம். மழை இல்லை.

பலஸ்தீனக் கேள்வி கேட்கப்பட்டது. நீண்ட விடை, பாதியை வாசிக்காமலே சபாபீடத்தில் வைத்துவிட்டார்கள். மேலதிகக் கேள்விக்கு அமைச்சர் கொஞ்சம் தடுமாறி, "தூதரகத்தின் ஊடாக அறிவிக்கலாம்" என்றார். எம்.பி. வாசித்துக்கொண்டிருந்த நேரம் நிரோஜா பின்னலை அவிழ்த்து, திரும்பப் பின்னிக்கொண்டிருந்தாள். தனக்குத் தெரியாமலே செய்தாள் போல. நான் டிவியைப் பார்க்கிறமாதிரி இருந்தேன்.

எம்.பி.யின் போன். ஸ்பீக்கரில். "நிரோஜா, அந்தக் கடைசிக் கேள்வி அபாரம்!"

"அது அக்கா எழுதினது, சேர்."

"ஆ, அப்பிடியோ" என்றுவிட்டு வைத்துவிட்டார். பார்த்தாயா மனுசனை!

என் கேள்விக்கும் விடை வந்தது. முறையிட்ட வீடுகளை அதிகாரிகள் திரும்பவும் போய்ப் பார்ப்பார்களாம். புத்தூருக்கு அடுத்த கிழமை. உடனே மச்சாளுக்குப் போன் எடுத்தேன்.

"மச்சாள், திரும்ப வருகினம். கும்பிட்டுக் கேக்கிறன், ஒண்டும் இரவல் வாங்காதையும். கதிரை வேண்டாம், ஃபான் வேண்டாம்."

"வாற மனுசரை எங்கை இருத்துறது?"

"பாயிலை."

போனில் மாடு கத்துவது கேட்டது. பிறகு: "அப்ப அந்தப் பிள்ளையை அனுப்பும். அவள் நிலத்திலை இருந்தாளெண்டால் வாறவையும் இருப்பினம்."

"நானும் வாறன். நானும் நிலத்திலை இருப்பன்."

"நீர் இருக்கமாட்டீர் மச்சாள்" என்றா, கோபமில்லாமல்.