மாமாவுக்கு நீ கொடுத்த கிரீன் டீ

பழனி,
செவ்வாய்க்கிழமை.

அன்புத் தம்பி செல்வமுருகனுக்கு,

பழனியிலிருந்து உன் அக்கா கந்தம்மாள் எழுதுவது. நீயும் புவனாவும் பிள்ளைகளும் சுகமாக இருக்க முருகனை வேண்டிக்கொள்கிறேன். வேண்டிக்கொண்டாயிற்று. இனி திட்டப் போகிறேன். கடையில் ஆள் நின்றால் அனுப்பிவிட்டு, உட்கார்ந்து படி.

போன் இருக்கும்போது எதற்குக் கடிதம் என்று கேட்பாய். போனில் நான் எவ்வளவு கோபமாகப் பேச்சை எடுத்தாலும் நீ இரண்டு நிமிடத்தில் என்னைச் சிரிக்க வைத்துவிடுவாய். இல்லாவிட்டால் “டவர் இல்லக்கா, கடையில கூட்டம்க்கா” என்று வைத்துவிடுவாய். அதோடு, நான் உன்னிடம் பேசுவது தெரிந்தால் உன் மாமா போனைப் பிடுங்கிக்கொண்டு, “மாப்ள, இலை தீரப் போகுது, வெரசா இன்னொரு பாக்கெட் குடுத்துவிடுங்க” என்பார். அதனால்தான் எழுதுகிறேன். உங்கள் மலையில் பேத்துப்பாறையிலிருந்து நம் பஞ்சாமிர்தக் கடைக்கு மலைவாழைப்பழம் கொண்டுவரும் வேன்காரர் பொன்னுவேலிடம் இதைக் கொடுத்துவிடுகிறேன். நீ படித்து முடிக்கும்வரை உன் கடை வாசலை விட்டு நகர வேண்டாம் என்று சொல்லியிருக்கிறேன். அவர் நகரமாட்டார்.

உன் மாமாவின் வலது காலில் இரண்டாவது விரல் கறுத்துவிட்டது. அதை எடுத்தாக வேண்டும் என்கிறார் டாக்டரம்மா தேவசேனா. வெள்ளிக்கிழமைக்குள் எடுத்தால் விரலோடு போகும், தள்ளிப்போட்டால் பாதத்தையே எடுக்க வேண்டி வரும் என்று எங்கள் முகத்துக்கு நேராகச் சொன்னார். அதற்கு உன் மாமா என்ன சொன்னார் தெரியுமா? “ஒரு மண்டலம் கிரீன் டீ குடிச்சு முடிச்சுட்டு வாரேங்க. அதுக்குள்ள ஆறிடும்” என்றார். ஒரு மண்டலமாம்! மாலை போட்டு விரதம் இருக்கிறாராம்! எனக்கு வந்த ஆத்திரத்துக்கு அந்த ஆஸ்பத்திரி மேசையைத் தூக்கி எறிந்திருப்பேன். டாக்டரம்மா, யார் உங்களுக்கு இதைச் சொன்னது என்று கேட்டார். “எங்க மாப்ள. கொடைக்கானல்ல பெரிய கடை வச்சிருக்காரு” என்று உன் மாமா பெருமையோடு சொன்னார். நான் சேலைத் தலைப்பால் முகத்தை மூடிக்கொண்டேன்.

நல்லதுக்குத்தானே சொன்னேன் என்பாய். நீ சொன்னது உனக்கு மறந்திருக்கும். எனக்கு மறக்கவில்லை.

உன் மாமாவுக்கு ஒரு நாளும் பஞ்சாமிர்தம் தொண்டைக்குள் இறங்காமல் விடிந்ததில்லை. ஒவ்வொரு அண்டாவிலும் பிசைந்து முடித்ததும் ஒரு விரல் எடுத்து நாக்கில் வைத்துப் பார்த்து, அவர் தலையசைத்த பிறகுதான் டப்பாவில் அடைப்பார்கள். பழம் கூடுதலாகக் கனிந்திருக்கிறதா, சர்க்கரை கரைந்திருக்கிறதா, நெய் தூக்கலாக இருக்கிறதா என்று அவர் நாக்குதான் சொல்ல வேண்டும். சர்க்கரை நோய் வந்து, இனி ஒரு விரல்கூடக் கூடாது என்று டாக்டரம்மா கண்டிப்பாகச் சொன்னபோது மனுஷன் அண்டா பக்கமே வராமல் கிடந்தார். அப்புறம் அவராகவே என்னைக் கூப்பிட்டு, “இனிமே நீயே பாரு” என்றார். முதல் நாள் நான் ருசி பார்த்தபோது பக்கத்தில் நின்று என் முகத்தையே பார்த்துக்கொண்டிருந்தார். நான் ஏலக்காய் குறைவு என்றேன். அவர் எடுத்துப் பார்க்கப் போனார். கையைப் பிடித்துக்கொண்டேன். சிரித்துவிட்டு ஏலக்காய்ப் பொடியை எடுத்துவரப் போனார். அந்தத் தைப்பூசம் முழுக்க என் நாக்கில்தான் கடை நடந்தது. ஒரு பக்தர்கூடக் குறை சொல்லவில்லை. அவருக்குச் சர்க்கரையும் இறங்கியது.

அவர் விட்டுவிட்டார் தம்பி. அதைத்தான் உன்னால் புரிந்துகொள்ள முடியவில்லை. அவ்வளவு கஷ்டப்பட்டு விட்டுவிட்டார்.

அப்போதுதான் உன் மகளுக்குக் காதுகுத்து என்று நாங்கள் மலை ஏறி வந்தோம். வந்த மறுநாள் கடையில் உட்கார்ந்திருந்தோம். சாக்லேட், தைலம், மிளகு எல்லாம் ஒரு பக்கம். கிரீன் டீக்கு மட்டும் தனியாக ஒரு அலமாரி, மேலே ஒரு போர்டு. தொப்பை கரையும், கொழுப்பு கரையும், சர்க்கரை கரையும். கேரளாவிலிருந்து வந்த ஒரு குடும்பத்திடம் நீ கை காலெல்லாம் ஆட்டிப் பேசிக்கொண்டிருந்தாய். உன் மாமா வாயைப் பிளந்து கேட்டுக்கொண்டிருந்தார். அவர்கள் போனதும், இது நிஜமா மாப்ள என்று கேட்டார். நீ விளையாட்டாகக்கூட இல்லையென்று சொல்லவில்லை. “மாமா, என்ன இனிப்பு வேணா தின்னுங்க. பின்னாடியே இத ஒரு டம்ளர் விட்டுக்கங்க. ரத்தத்துல ஏறவே விடாது” என்றாய். சுற்றுலா வருகிறவன் நாளைக்கு ஊருக்குப் போய்விடுவான், அவனிடம் சொல்வதையே வீட்டு மனிதரிடமும் சொல்வாயா?

அன்றிலிருந்து பிடித்தது சனி. ஊருக்குத் திரும்பியதும் வெள்ளனே எழுந்து அண்டா பக்கத்தில் போய் நின்றுகொண்டார். பஞ்சாமிர்தம் ஒரு வாய், கிரீன் டீ ஒரு டம்ளர். “கணக்கு நேராப் போச்சு” என்று என்னைப் பார்த்துக் கண்ணடிப்பார். கொஞ்ச நாளில் மாத்திரையையும் நிறுத்திவிட்டார். கேட்டால், ரெண்டும் ஒரே வேலையத்தானே செய்யுது, எதுக்கு ரெண்டு என்பார். நான் சண்டை போட்டேன், சோறு போடமாட்டேன் என்றேன், மகள் தாரணியை விட்டுப் பேச வைத்தேன். எல்லாவற்றுக்கும் ஒரே பதில்தான். “எங்க மாப்ளைய விடவா ஒங்களுக்குத் தெரியும்?”

பங்குனி உத்திரத்துக்கு வழக்கம்போல வெறுங்காலோடு கிரிவலம் போய்விட்டு வந்தார். தாரணிதான் முதலில் பார்த்தாள், வாசலிலிருந்து அடுப்படிவரை தரையில் ரத்தம். ஏதோ கண்ணாடித் துண்டு அந்த விரலில் குத்தியிருக்கிறது, அவருக்கு உறைக்கவே இல்லை. சர்க்கரை ஏறிக் கால் மரத்துப்போயிருந்ததாம். உடனே ஆஸ்பத்திரிக்குக் கூப்பிட்டேன். அவர் டம்ளரின் அடியில் கிடந்த உன் கிரீன் டீ இலையை வழித்தெடுத்துப் புண்ணில் வைத்துத் துணியால் கட்டிக்கொண்டார். அதைக் கழற்ற யாரையும் விடவில்லை. பிறகு துர்நாற்றம் வந்தது. அதற்குமேல் எழுத முடியவில்லை.

எனக்கு கிரீன் டீ மேல் கோபம் இல்லை. அந்த இலை என்ன பாவம் செய்தது! டாக்டரம்மாவிடம் நான் விடாமல் கேட்டேன். அவரும் பொறுமையாகச் சொன்னார். நாம் பால் ஊற்றிக் குடிக்கிறோமே, அதே செடியின் இலைதானாம். கறுக்க விடாமல் பச்சையாகவே சூடு காட்டிக் காயவைப்பதால் அதில் சில நல்ல சத்துகள் கூடுதலாக நிற்கின்றனவாம். பாலும் சீனியும் போட்ட டீக்குப் பதிலாக அதைக் குடித்தால் உடம்புக்கு நல்லதுதான், தானும் குடிப்பதாகச் சொன்னார். ஆனால் தின்ற இனிப்பை அது திருப்பி எடுக்காது, மாத்திரை செய்வதை அது செய்யாது, வெறும் வயிற்றில் டம்ளர் டம்ளராகக் குடித்தால் வயிறுதான் புரட்டும் என்றார். வீட்டுக்கு வந்ததும் தாரணியை விட்டு உன் பாக்கெட்டில் இருந்த இங்கிலீஷைப் படிக்கச் சொன்னேன். அதில் சர்க்கரை கரையும் என்று ஒரு எழுத்துகூட இல்லை. இது மருந்தல்ல என்று அடியில் பொடி எழுத்தில் போட்டிருக்கிறான். அதைச் செய்து விற்கிற கம்பெனிக்காரனுக்கு இருக்கிற பயம் உனக்கு இல்லாமல் போயிற்றே!

இதையெல்லாம் அப்படியே அவரிடம் சொன்னேன். டாக்டர்கள் மாத்திரை விற்கப் பார்க்கிறார்கள் என்கிறார். பாக்கெட்டில் இருப்பது சட்டத்துக்காகப் போட்டதாம்.

இது வரைக்கும் எழுதியது போன வாரமே உன்னிடம் சொல்லியிருக்க வேண்டியது. நீ தெரியாமல் சொல்லிவிட்டாய், என்ன செய்வது என்று மனதைத் தேற்றிக்கொண்டு இருந்தேன். நேற்று புவனா போன் செய்தாள். விரலை எடுக்கப் போகிறார்கள் என்று அவளுக்கு அதற்கு முன் தெரியாது. சொன்னதும் அழ ஆரம்பித்தாள். என்னடி என்று அதட்டிக் கேட்ட பிறகுதான் சொன்னாள்.

உனக்கும் சர்க்கரை இருக்கிறதாமே. காதுகுத்துக்கு முன்னாலிருந்தே மாத்திரை போடுகிறாயாமே. கடைக்கு வருகிறவர்கள் கண்ணில் படக் கூடாது என்று தைலப் பெட்டிக்குப் பின்னால் வைத்திருக்கிறாயாமே. அந்தப் போர்டுக்குக் கீழே உட்கார்ந்துகொண்டு!

புவனாவைத் திட்டாதே. திட்டினாய் என்று தெரிந்தால் நானே மலையேறி வருவேன்.

எனக்கு ராத்திரி முழுக்க ஆறவில்லை. நீ தெரியாமல் சொல்லவில்லை. அன்று காலையில் உன் மாத்திரையை விழுங்கிவிட்டு வந்து உட்கார்ந்துதான் அவருக்கு டம்ளரை நீட்டினாய். உன் உடம்புக்கு மாத்திரை, என் புருஷன் உடம்புக்கு இலைத்தண்ணீரா? கூடப் பிறந்தவன் என்பதால் இதோடு நிறுத்துகிறேன். வேறு யாராவது செய்திருந்தால் ஏழு தலைமுறைக்கும் சேர்த்துச் சாபம் விட்டிருப்பேன். பேனாவைக் கையில் எடுத்தபோது அதைத்தான் எழுத நினைத்தேன். உனக்கும் அந்த நோய் என்று தெரிந்த பிறகு எழுத வரவில்லை.

இப்போது நீ செய்ய வேண்டியதைச் சொல்கிறேன். போனில் மாமாவிடம் பேசிச் சரிக்கட்டலாம் என்று நினைக்காதே. அக்கா சொல்லிக்கொடுத்துப் பேசுகிறான் என்பார். இந்த உலகத்தில் யார் சொல்லியும் கேட்காதவர் உன்னைத்தான் நம்புகிறார். அந்த நம்பிக்கையை நீயே வந்து உடைக்க வேண்டும், வேறு வழியில்லை. நாளைக்கே பொன்னுவேல் வேனில் ஏறி மலை இறங்கி வா. கடையைப் பூட்டிவிட்டு வா. வரும்போது அந்த மாத்திரை அட்டையை எடுத்து வா. உன் மாமா பக்கத்தில் உட்கார்ந்து, அவர் பார்க்க ஒன்றைப் பிய்த்து விழுங்கு. அதற்குமேல் நீ ஒன்றும் பேச வேண்டாம். அவருக்குப் புரிந்துவிடும். உன்மேல் கோபப்பட்டால் படட்டும், நான் பார்த்துக்கொள்கிறேன். வெள்ளிக்கிழமை ஆஸ்பத்திரிக்கு அவர் உன் தோளைப் பிடித்துக்கொண்டு வருவார்.

வரும்வரைக்கும் உன் மாத்திரையை ஒரு வேளைகூட விடாதே. இந்தக் கடிதத்தைப் படித்துவிட்டு ரோஷத்தில் தூக்கி எறிந்துவிடாதே. செருப்புப் போடாமல் நடக்காதே. ராத்திரி படுக்கும்முன் உன் இரண்டு பாதங்களையும் பார்க்கச் சொல்லி புவனாவிடம் சொல்லியிருக்கிறேன்.

சாப்பாட்டுக்கு முன்னால் போடுகிற மாத்திரையா, பின்னால் போடுகிற மாத்திரையா என்று கேட்க மறந்துவிட்டேன். எதுவானாலும் இங்கே வந்து போடு. உனக்கும் மாமாவுக்கும் ஒரே இலையில் இனிப்பில்லாத சாப்பாடு போடுகிறேன்.

நீ நூறு வயதுவரை நல்ல காலோடு நடக்க வேண்டும். பழனி ஆண்டவன் உன்னைக் காப்பாற்றட்டும்.

உன்மேல் தீராத கோபத்தோடு,
அக்கா கந்தம்மாள்.