அவர் கால், யாருடைய படம்?

நவ. 10, திங்கள்

விடாத தூறல். துணி எதுவும் காயவில்லை. வீட்டுக்காரருடைய வேட்டிகள் ஃபேனுக்கு அடியில், நாற்காலிகளில்.

காலையிலேயே எரிச்சல். இணையத்தின் கட்டற்ற படத் தொகுப்பில் நான் ஏற்றிய படத்துக்கு மேலே ஒரு பட்டை: நீக்கப் பரிந்துரை. அவருடைய இடது கால் கட்டைவிரல், சர்க்கரைப் புண். தமிழ்க் கலைக்களஞ்சியத்தில் நான் எழுதும் கட்டுரையில் நம் நிறத்துக் கால் அது ஒன்றுதான். மற்றதெல்லாம் வெள்ளைக்காரக் கால்கள். "சிவந்திருக்கும்" என்று கீழே குறிப்பு. நம் தோலில் எங்கே சிவக்கிறது? கறுத்தது. அவருக்குத் தி.நகர் துணிக்கடையில் வேலை, கல்லாவில் லட்சுமி படம், உள்ளே செருப்பு ஆகாது. நாள் முழுக்க வெறுங்கால். துணிச்சாயம் என்று இருவரும் இருந்துவிட்டோம். இன்னொரு வீட்டில் அப்படி இருந்துவிடக் கூடாது. அதற்குத்தான் படம்.

எடுத்தது நர்ஸ் மேரி, டாக்டருக்குக் காட்ட, வீட்டுக்காரருடைய போனில். அவர் கால், அவர் போன். ஆகவே 'சொந்தப் படைப்பு' என்று குறித்தேன். இல்லையாம். உரிமை படம் எடுத்தவருக்கு. வேலையில் இருந்தபோது எடுத்திருந்தால் ஆஸ்பத்திரிக்கு. அவர்களிடம் எழுதி வாங்க வேண்டுமாம்.

நவ. 11, செவ்வாய்

வாங்க வேண்டியது: புண் கட்டும் காஸ் துணி, பிளாஸ்டர், பாகற்காய்.

தேனாம்பேட்டை நர்சிங் ஹோம். பஸ்ஸில் நின்றபடியே போனேன். மேரிக்குச் சிரிப்பு. "இன்னாக்கா, ஒரு கிளிக் பண்ணதுக்கு நான் ஓனரா? எங்க வேணா போட்டுக்கோ. எழுதிக் குடுன்னா மேனேஜராண்ட கேளு, எனக்கு வேலை பூடும்."

மேனேஜர் கம்ப்யூட்டரிலிருந்து தலையை எடுக்கவில்லை. நோயாளியே சம்மதித்துவிட்டார் என்றேன். "அது வேற, போட்டோ உரிமை வேற மேடம். உலகத்துல யார் வேணா, எதுக்கு வேணா யூஸ் பண்ணலாம்னு நான் கையெழுத்து போடணுமா? எவனாவது லேகிய விளம்பரத்துல போட்டான்னா?"

அதில் நியாயம் இருக்கிறது. அதுதான் இன்னும் வயிற்றெரிச்சல்.

நவ. 13, வியாழன்

மழை விட்டது. தலைவலி. பால் திரிந்துவிட்டது.

படம் போய்விட்டது. கட்டுரையில் அந்த இடத்தில் கோப்பின் பெயர் மட்டும். நீக்கியவர் மரியாதையாகத்தான் எழுதியிருக்கிறார்: "வருந்துகிறேன், விதி அப்படி. நீங்களே புதிதாக ஒரு படம் எடுத்து ஏற்றலாமே?"

எந்த விரலை? தீபாவளிக்கு முன்பே வெட்டியாயிற்று.

அவருக்குப் படித்துக் காட்டினேன். டீயைக் குடித்துக்கொண்டே சொல்கிறார்: "விடுட்டி. விரலு போச்சு, இப்ப அது போட்டோவும் போச்சு." எனக்குச் சிரிப்பு வரவில்லை. அடுப்படிக்குப் போய் அழுதேன்.

நவ. 15, சனி

நல்ல வெயில். அடம்பிடித்துக் கடைக்குப் போய் வந்தார். டாக்டர் சொன்ன புதுச் செருப்போடு உள்ளே நின்றாராம். முதலாளி, பெரிய அண்ணாச்சி, முகம் கொடுக்கவில்லையாம்.

சாயங்காலம் கட்டுப் பிரிக்கும்போது வலது காலையும் தூக்கிப் பார்த்தேன். சுண்டுவிரல் ஓரம் கறுப்பு.

"செருப்பு கடிச்சிருக்கும்ட்டி."

"வலிக்குதா?"

"இல்லயே."

டாக்டருக்கு அனுப்பப் போனை எடுத்தேன். ஜன்னல் வெளிச்சம். படம் துல்லியமாக வந்தது. இது நான் எடுத்தது, இதை யாரும் நீக்க முடியாது என்று ஒரு நொடி சந்தோஷப்பட்டேன். சீ.

டாக்டர் போனை எடுக்கவில்லை. மறுபடி அடிக்கிறேன்.