வெள்ளை எள்

மொன்றியல்
29.7.1995

அன்புள்ள அம்மாவுக்கு,

நான் சுகம். உங்கள் கால்வீக்கம் வற்றியதா?

ஆடி அமாவாசையன்று, நான் கோப்பை கழுவும் உணவகத்து முதலாளி எங்களைக் கடலோரத்து ஹோட்டல் ஒன்றுக்குக் கூட்டிப்போனார். நூறு வருடப் பழைய கட்டடம். கோல்ப் மைதானம் கடல்வரை இறங்குகிறது. சாப்பாட்டுப் பாணில் ஒட்டியிருந்த வெள்ளை எள்ளைச் சுரண்டி, அப்பாவுக்கு எள்ளும் தண்ணீரும் இறைத்தேன். கோல்ப் ஆடியவர்கள் பந்தை விட்டுவிட்டு என்னைப் பார்த்தார்கள். எனக்கே சிரிப்பு வந்தது.

கூட வேலை செய்யும் மகேசன், "உன்ரை அண்ணை காணாமற்போய் அஞ்சு வருசம். அவருக்கும் ஒரு கை இறையன்" என்றான். மிச்ச எள்ளைச் சட்டைப்பையில் போட்டுக்கொண்டு வந்துவிட்டேன்.

வேலைக்கு நேரமாகிறது. அடுத்த ஆடிக்குக் கறுப்பு எள் அனுப்புங்கள். ஒருவருக்கா, இருவருக்கா என்று நீங்களே அளந்து போடுங்கள்.

மகன்
நவகுலன்