அமுங்கிக் கிடந்த பொத்தான்

சரினா கடற்கரை முகாம்
17 ஜூலை 1999

அடியே நோரீன்,

இது என்ன கூத்து? மூன்று நாள் முன்பு விடிந்ததும் தேநீர்க் கோப்பையோடு வெளியே வந்தால் உன் கேரவனைக் காணோம். வண்டி வாசலில் உன் பாய் கிடந்த இடத்தில் சதுரமாக மஞ்சள் புல். என் படியில் பாதி பாட்டில் ஆரஞ்சு ஜாமும், மகளுக்கு முதுகு வலி, போகிறேன் என்று ஒரு சீட்டும். தெற்குக் குளிருக்குப் பயந்து வடக்கே ஓடிவந்து ஆறு குளிர்காலம் பக்கத்துப் பக்கத்தில் வண்டி நிறுத்தியவளிடம் கதவைத் தட்டிச் சொல்லிவிட்டுப் போனால் வாய் முத்து உதிர்ந்துவிடுமா?

நேற்று ஐந்து மணிக்கு வழக்கம்போல ஆளுக்கொரு நாற்காலியும் கையில் ஒயினுமாகக் கூடினோம். புதிதாக வந்த மனிதர் ஒருவர் கேரவனைப் பின்னால் எடுக்கிறேன் என்று தண்ணீர்க் குழாயை இடித்துத் தள்ளிவிட்டார். அதற்கு ஜில்லியன் அடித்த கிண்டலில் எனக்குச் சிரித்துச் சிரித்து வயிறு புண்ணாகிவிட்டது. இந்த வருஷம் அவள் புதிதாக வந்து சேர்ந்ததில்தான் முகாமுக்கே களை வந்திருக்கிறது. டோட்டி மட்டும் உம்மென்று இருக்கிறாள். பல்லாரட்டில் உன் வீட்டு ரோஜாச் செடிகளை விசாரிக்காமல் அவளுக்குப் பொழுது போகாது, இப்போது அந்தப் பேச்சையே எடுப்பதில்லை.

நீயும் அப்படித்தான் இருந்தாய். முன் காரில் நீயும் டோட்டியும், பின் காரில் நானும் ஜில்லியனுமாக அந்த வாத்து மூக்குப் பிராணி பிளாட்டிபஸைப் பார்க்க மலைக்குப் போனோமே, அன்றிலிருந்துதான். ஆற்றங்கரை மேடையில் மூச்சு விடக்கூடாது, அது பயந்து மூழ்கிவிடும், சரி. இறங்கி வந்த பிறகுமா வாய் திறக்கக்கூடாது? உடம்புக்கு ஏதாவது என்றால் மறைக்காதே. மகள் வீட்டு விலாசத்துக்கே எழுதுகிறேன்.

உன் பெரில்

பண்டபெர்க்
28 ஜூலை 1999

அன்புள்ள பெரில்,

கடிதம் கிடைத்தது. நான் நலம். மகளுக்கு முதுகு தேவலை. இங்கே மழை இல்லை.

மலைக்குப் போன அன்று முன் காருக்கென்று நீ இரவல் கொடுத்த வாக்கி டாக்கியைத் திருப்பித் தராமல் வந்துவிட்டேன். பார்சலில் அனுப்பியிருக்கிறேன். ஜோடியில் ஒன்றைப் பிரித்து வைத்துக்கொள்வது சரியில்லை. நன்றாக வேலை செய்கிறது. மலைப்பாதையில்கூட ஒரு வார்த்தை விடாமல் கேட்டது.

ஜாம் பாட்டிலைத் திருப்பித் தர வேண்டாம்.

நோரீன்

சரினா
5 ஆகஸ்ட் 1999

நோரீன்,

அன்புள்ள என்று எழுதக் கை வரவில்லை.

பார்சலைப் பிரித்தபோது டோட்டி பக்கத்தில் இருந்தாள். உன் கடிதத்தைப் படித்துக் காட்டி, "மலைப்பாதைல என்னத்தக் கேட்டாளாம் இவ?" என்று சிரித்தேன். அவள் சிரிக்கவில்லை. "பெரில், உனக்கு நெஜமாவே தெரியாதா? அன்னிக்கு உன் வாக்கி டாக்கில பேசற பொத்தான் அமுங்கியே கெடந்துச்சு. நீயும் ஜில்லியனும் பேசினது பூரா எங்க கார்ல கேட்டுச்சு" என்றாள்.

பிஸ்கட் டின்னை அதன்மேல் வைத்தது நான்தான்.

பேசியதை நானே எழுதிவிடுகிறேன், மறந்துவிட்டதாக நடிக்க மாட்டேன். "கழிவறை கண்ட எடத்துலயெல்லாம் வண்டிய நிறுத்துவா. புருஷன் டெஸ் செத்ததுலேருந்து என் வாலப் பிடிச்சிட்டே திரியறா. ரோஜாவாவது மண்ணாவது! வீடே கெடையாது அவளுக்கு. அவன் கடை முழுகினப்பவே அதுவும் போச்சு. வருஷம் பூரா அந்தத் தகர டப்பாலதான் குடித்தனம். அடுத்த வருஷம் அவகிட்ட சொல்லாம நாம மேற்கே போயிடலாம், வா." ஜில்லியன் சிரிக்கச் சிரிக்க எனக்கு மேலே மேலே சொல்லத் தோன்றியது. அவளுக்கு என்னைப் பிடிக்க வேண்டும் என்று இருந்தது. இந்த வயதில்! வேறு காரணமே இல்லை.

வீடு போனதை உலகத்தில் என் ஒருத்தியிடம்தான் சொல்லியிருந்தாய். அதை நான் சந்தி சிரிக்க வைத்ததைக் கேட்ட பிறகும் மேடையில் என் பக்கத்தில் வந்து உட்கார்ந்தாய். பிளாஸ்கிலிருந்து எனக்குத்தான் முதலில் தேநீர் ஊற்றினாய். நான் உன் காதில் "அதோ பாருடி, அதோ மூக்கு தெரியுது" என்று கிசுகிசுத்தேன். நினைத்தால் உடம்பே கூசுகிறது. ஐந்து மணிக்கு நாற்காலியைத் தூக்கிக்கொண்டு போய் எவர் முகத்தையும் பார்க்க முடியவில்லை.

மன்னித்துவிடு. அடுத்த ஜூனுக்கு நம் இரண்டு இடங்களையும் இந்த மாதத்துக்குள் உறுதி செய்ய வேண்டும். வருகிறேன் என்று ஒரு வரி எழுது, போதும்.

பெரில்

பண்டபெர்க்
19 ஆகஸ்ட் 1999

பெரில்,

அன்று காரில் டோட்டி வாக்கி டாக்கியை அணைக்கத்தான் கை நீட்டினாள். "இரு, கேக்கட்டும்" என்று தடுத்தது நான். அந்தத் தப்பு என்னுடையது.

கழிவறை உண்மை. தகர டப்பாவும் உண்மை. தெரிந்தால் தெரிந்துவிட்டுப் போகட்டும் என்றுதான் அன்று இரவு படுத்தேன். மறுநாள் காலை டோட்டி ஒரு கம்பளியோடு வந்து நின்றாள். "சும்மாதான் கெடக்கு, நீ வச்சுக்கோடி" என்றாள். நல்ல மனசு அவளுக்கு. எனக்கு நாலு கம்பளி இருக்கிறது, பெரில். நன்றி சொல்லி வாங்கிக்கொண்டேன். அவள் போனதும் சாமான்களைக் கட்ட ஆரம்பித்தேன். இனி எல்லோரும் என்னிடம் அன்பாக இருப்பார்கள், அதை நினைத்தாலே மானம் போகிறது.

அப்புறம் உன் சிரிப்பு. டெஸ் இறந்த வருஷம் என்னைச் சிரிக்க வைக்க நீ சிரிப்பாயே, அதே சிரிப்புதான் காரில் கேட்டது. இனி நீ எதற்குச் சிரித்தாலும் எனக்குச் சந்தேகம் வரும்.

கோபம் தீர்ந்துவிட்டது. பக்கத்தில் வந்து நிற்கத்தான் முடியாது. என் இடத்தை வேறு யாருக்காவது கொடுத்துவிடச் சொல்.

நோரீன்

சரினா
12 ஜூன் 2000

அன்புள்ள நோரீன்,

வந்து சேர்ந்துவிட்டேன். ஜில்லியன் மேற்கே போகிறாள், என்னையும் கூப்பிட்டாள். நான் போகவில்லை.

உன் இடத்தை யாருக்கும் கொடுக்கவில்லை, என் பெயரிலேயே எடுத்திருக்கிறேன். மஞ்சளாக இருந்த இடத்தில் புல் முளைத்துவிட்டது. நேற்று புதிதாக வந்த ஒருத்தி, "இங்க யாரு வராங்க?" என்று கேட்டாள். "என் சிநேகிதி. ரோஜாவக் கவாத்து பண்ணிட்டு வரணும், அதான் தாமதம்" என்றேன். டோட்டி என்னை ஒரு பார்வை பார்த்தாள். பிறகு, "ஆமாமா, தோட்டம் பெருசு இல்லையா" என்றாள்.

அந்த வாக்கி டாக்கியை மறுபடியும் உனக்கே பார்சலில் அனுப்பியிருக்கிறேன். பிடிக்காவிட்டால் தூக்கிப் போட்டுவிடு. தினமும் ஐந்து மணிக்கு என்னுடையதை ஆன் செய்து மடியில் வைத்துக்கொள்கிறேன். நீ நாலைந்து கிலோமீட்டருக்குள் வந்தால்தான் கேட்கும் என்று எனக்கும் தெரியும்.

நான் பொத்தானைத் தொடுவதில்லை. கேட்டுக்கொண்டு மட்டும் இருக்கிறேன்.

பெரில்