மருதாள் கொண்டுவந்த சோறு

ராயபுரம், திருப்பூர்
ஞாயிற்றுக்கிழமை

அன்புள்ள அம்மிணி அனுப்பிரியாவுக்கு,

அம்மா எழுதிக்கொள்வது. நீயும் மாப்பிள்ளையும் குழந்தை யாழினியும் அந்தக் குளிர் ஊரில் நோய் நொடி இல்லாமல் இருக்க மாகாளியம்மனை வேண்டிக்கொள்கிறேன். நான் நலம் என்று எழுத இன்னும் கை வரவில்லை. எழுந்து நடமாடுகிறேன், வேலைக்குப் போகிறேன், அவ்வளவுதான். அப்பா போய் ரெண்டு மாசம் முடிந்துவிட்டது. கம்பெனியில் அவர் நின்ற அயர்ன் டேபிளுக்கு வேறு ஆள் போட்டுவிட்டார்கள், நான் செக்கிங்கில் உட்கார்ந்துகொண்டு அந்தப் பக்கம் திரும்பாமல் பனியனைப் பார்த்துக்கொண்டே இருக்கிறேன். போனில் சொல்லலாம் என்றால் நீ மீட்டிங் இருக்கிறது என்று வைத்துவிடுகிறாய், அதனால்தான் எழுதுகிறேன். நான் அஞ்சாவது வரைக்கும் படித்தவள், எனக்கு ஒரே மூச்சாகத்தான் எழுத வரும். போனில் எப்படி எழுதுவது என்று நீ வகுப்பு எடுக்கிறாயே, அதில் சொல்லிக்கொடுக்கிற மாதிரி ரெண்டு வரிக்கு ஒரு தரம் இடம் விட்டு எழுதத் தெரியாது, பொறுத்துக்கொண்டு படி.

அப்பா செத்ததைப் பற்றி எல்லாரும் படிக்கிற மாதிரி நீ போனில் எழுதிப் போட்டாயே, அதைப் பற்றித்தான் சொல்ல வந்தேன். எங்கள் வீட்டில் மூன்று நாள் அடுப்பு எரியவில்லை, எதிர்வீட்டுக் கதவு சாத்தியே இருந்தது என்று ஆரம்பித்திருந்தாய். ரெண்டும் நிசம்தான். அன்றைக்கு நீ போனில் சாப்பிட்டாயா என்று கேட்டபோது, இன்னும் அடுப்புப் பற்ற வைக்கவில்லை என்று சொன்னதும் நான்தான். ஆனால் இழவு விழுந்த வீட்டில் அடுப்புப் பற்ற வைக்க மாட்டார்கள், பக்கத்து வீட்டிலிருந்துதான் சோறு வரும் என்பது உனக்குத் தெரியாதா? குன்னத்தூரில் என்னைப் பெற்றவர், உன் அப்புச்சி செத்தபோது பக்கத்துத் தோட்டத்திலிருந்து வந்த சோற்றை நீயும்தானே சாப்பிட்டாய், இன்னும் கொஞ்சம் ரசம் ஊற்றச் சொல்லிக் கேட்டாய். மூன்று நாளும் நமக்கு ஆக்கிக்கொண்டு வந்தது எதிர்வீட்டு மருதாள். கம்பெனிக்கு லீவு போட்டுவிட்டு, விடிந்ததும் வரக்காப்பி, அப்புறம் தூக்குப்போசியில் சோறும் ரசமும், வந்த சனத்துக்கெல்லாம் அவள்தான் போட்டாள். நான் வாயைத் திறக்காமல் கிடந்தபோது என் தலையைத் தூக்கி மடியில் வைத்து ஊட்டிவிட்டாள். எதிர்வீட்டுக் கதவு சாத்தித்தான் இருந்தது, இல்லை என்று சொல்லவில்லை. அவள் நம் வீட்டில் கிடந்தால் அவள் வீட்டுக் கதவை யார் திறந்து வைப்பார்கள்?

நீ எழுதினது ஊரெல்லாம் சுற்றி, கம்பெனிப் பெண்கள் போனுக்கும் வந்துவிட்டது. எந்தத் தெரு, எந்த வீடு என்று அவர்களுக்குச் சொல்லவா வேண்டும். ஏன் மருதா, எதிர்வூட்டுல பட்டினி கெடக்கறப்ப நீ கதவச் சாத்திட்டுத் தூங்கிட்டயாமா என்று சாப்பாட்டு நேரத்தில் சிரித்துக்கொண்டே கேட்டிருக்கிறார்கள். போன வாரம் ஏதோ சங்கத்துக்காரர்கள் ரெண்டு பேர் அரிசி மூட்டை, பருப்பு, எண்ணெயோடு வந்து நின்றார்கள். நீ எழுதினதைப் படித்து மனசு கேட்காமல் வந்தார்களாம், நல்ல மனுசர்கள்தான், அவர்களைக் குற்றம் சொல்ல மாட்டேன். அப்போது என் அடுப்பில் சோறு கொதித்துக்கொண்டிருந்தது. ஒருவர் போனைத் தூக்கிப் பிடித்துக்கொண்டு, அம்மா, ஒரு நிமிசம் அந்த அடுப்ப அணைச்சுட்டு நில்லுங்க, அணைஞ்ச அடுப்புக்கிட்ட நின்னாத்தான் படம் நல்லா வரும் என்றார். மூட்டையைத் திருப்பி வண்டியில் ஏற்றுங்கள் என்று சொல்லிவிட்டேன். இதையெல்லாம் மருதாள் அவள் வீட்டு வாசலில் நின்று பார்த்துக்கொண்டிருந்தாள். வண்டி போனதும் வந்தாள். உள்ளே வா என்றேன், வரவில்லை. படிக்கு வெளியிலேயே நின்றுகொண்டு கேட்டாள்.

"ஏனுங்கக்கா, நானு கொண்டாந்த சோத்துல உப்புப் பத்துலீங்களா? அன்னைக்கே சொல்லீருந்தா இன்னொரு கை போட்டிருப்பனே."

அவ்வளவுதான் கேட்டாள், போய்விட்டாள். அவள் மகன் மகுடேஸ்வரன்தான் நீ எழுதினதை வரி வரியாக அவளுக்கு வாசித்துக் காட்டியிருக்கிறான். இப்போது கம்பெனி வேனில் என் பக்கத்தில் உட்காராமல் முன்னால் போய் உட்கார்ந்துகொள்கிறாள். அப்பா இல்லாத வீட்டில் அவள் ஒருத்திதான் எனக்குப் பேச்சுத் துணை, அதையும் நீ எடுத்துக்கொண்டாய். இதை உன்னிடம் போனில் சொன்னபோது நீ என்ன சொன்னாய் என்று ஞாபகம் இருக்கிறதா? அதையெல்லாம் வெளக்கீட்டு இருந்தா படிக்கறவங்க அடுத்ததுக்குப் போயிருவாங்கம்மா என்றாய். அப்பாவைப் பற்றி எழுதினதையே உன் வகுப்பில் முதல் பாடமாக வைத்திருப்பதாகவும், லட்சம் பேர் படித்ததில் அப்பாவை உலகத்துக்கே தெரிந்துவிட்டது என்றும் சந்தோசமாகச் சொன்னாய். அம்மிணி, அதில் அப்பாவின் பேர்கூட இல்லை. ரத்தினசாமி என்று ஒரு இடத்தில் எழுதியிருக்கிறாயா? அவர் என்ன வேலை செய்தார், அயர்ன் டேபிளில் நின்று நின்று கால் எப்படி வீங்கும், ஒன்றும் இல்லை. அடுப்பும் கதவும்தான் இருக்கிறது. நீ சாவுக்கு வர முடியாமல் போனதை நான் என்றைக்கும் குறை சொன்னதில்லை, குழந்தைக்குக் காய்ச்சல், நீ என்ன செய்வாய். நீ அங்கே தனியாக உட்கார்ந்து அழுதிருப்பாய் என்பதும் தெரியும். அந்த அழுகையை எழுதியிருக்கலாம். மருதாளை ஏன் பட்டினி போட்டவளாக ஆக்கினாய்?

நீ எழுதுவதைக் கடைசி எழுத்துவரைக்கும் படிக்கிற ஒரு ஆள் நம் வீட்டில் இருந்தார். குளித்துவிட்டுக் கண்ணாடியை மாட்டிக்கொண்டு, வரிக்குக் கீழே விரலை வைத்துத்தான் படிப்பார், விரல் பட்டுப் போனில் அந்த வரி நகர்ந்துவிட்டால் மறுபடியும் மேலே போய்த் தேடுவார். போன வருசம் நீ ஒரு பிள்ளையைப் பற்றி எழுதினாயே, படித்து முடித்துவிட்டு, அந்தப் புள்ள ஊருக்குத் திரும்பிப் போச்சா இல்லையான்னு சொல்லாமயே முடிச்சுட்டா பாரு உம்மக என்று நாள் பூராவும் என்னைப் பிடுங்கி எடுத்தார். இதையும் அவர் படித்திருந்தால் எல்லாவற்றையும் படித்துவிட்டு, மருதாளைக் காணமே என்று ஒன்றுதான் கேட்டிருப்பார். அதற்கு நான் என்ன பதில் சொல்வேன்?

எனக்கு நீ மன்னிப்புக் கேட்டு ஒன்றும் அழகாக எழுத வேண்டாம். அதே இடத்தில், அதைப் படித்தவர்களே படிக்கிற மாதிரி, சோறு கொண்டுவந்தது மருதாள் என்று எழுது. என்ன கொண்டுவந்தாள், கதவு ஏன் சாத்தியிருந்தது என்றும் எழுது. அதனால் பாதிப் பேர் படிக்காமல் நகர்ந்துபோனால் போகட்டும். அவளுடைய தூக்குப்போசி இன்னும் நம் வீட்டில்தான் இருக்கிறது, அன்றைக்கு அதைக்கூட அவள் கேட்கவில்லை. கழுவிக் கவிழ்த்து வைத்திருக்கிறேன். நீ எழுதினதை மகுடேஸ்வரன் அவளுக்கு வாசித்துக் காட்டட்டும், அதற்கப்புறம் பருப்புஞ்சோறு ஆக்கி அந்தப் போசியில் எடுத்துக்கொண்டு அவள் வாசலுக்குப் போகிறேன். அதுவரைக்கும் எந்த மூஞ்சியை வைத்துக்கொண்டு போவது.

யாழினிக்குக் காதை மூடித் தொப்பி போட்டு அனுப்பு. நீயும் ராத்திரியில் கண் விழித்துப் போனையே பார்த்துக்கொண்டிருக்காதே, வேளைக்குச் சாப்பிடு. உன் மேல் கோபம் இருந்தாலும் நீ நன்றாக இருக்க வேண்டும், உன் குடும்பம் தழைக்க வேண்டும், அப்பாவும் அங்கே இருந்து அதைத்தான் நினைப்பார். ஒன்றை மறந்துவிடாதே. இந்தக் கடுதாசியில் உன் வேலைக்கு ஆகிற மாதிரி ஒன்றிரண்டு வரி கிடைக்கும், எனக்குத் தெரியும். எடுத்துப் போட்டுவிடாதே. இது உனக்கு மட்டும் எழுதினது.

உன் அம்மா,
ரத்தினசாமி சம்சாரம் செல்லாத்தாள்